ஆளுக்கு ஒரு டின்

முதலில் காணாமல் போனது பத்து ரூபாய் எண்ணெய்தான்.

ரங்கம்மாள் அதை ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கண்டுகொண்டாள். மரவள்ளிக் காட்டில் களை வெட்டிவிட்டு, அன்றைய கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு, நேராக அன்புச்செல்வன் கடைக்கு வந்திருந்தாள். நைனார்பாளையத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊருக்கு அது ஒன்றுதான் கடை. மாதச் சாமான் வாங்குகிறவர்கள் நைனார்பாளையத்துக்கோ சின்னசேலத்துக்கோ வண்டி எடுத்துக்கொண்டு போவார்கள். கூலிக்காரர் தெருவில் மாதச் சாமான் என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கு வந்த காசில் அன்றைக்கு வேண்டியதை வாங்குவார்கள். பத்து ரூபாய்க்கு எண்ணெய், இருபது ரூபாய்க்குப் பருப்பு, அஞ்சு ரூபாய்க்குக் கடுகும் சீரகமும் கலந்து. டின்னிலிருந்து குவளையில் மொண்டு, நீட்டுகிற பாட்டிலில் ஊற்றித் தருவான் அன்புச்செல்வன். அவனுக்கு முன்னால் அவன் அப்பா ஊற்றினார்.

அன்றைக்கு அவன் பாட்டிலைக் கையில் வாங்கவில்லை.

"லூஸ் இல்லக்கா. பாக்கெட்டுதான் இருக்குது. ஒரு லிட்டரு."

"அர லிட்டரு?"

"அதுவும் இல்ல. ஒரு லிட்டருதான். நூத்தி எம்பது."

"போன வாரம் நூத்தி நாப்பதுன்னு போட்டிருந்த?"

"அது போன வாரம்க்கா."

ரங்கம்மாள் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று இரவு ரசத்துக்குத் தாளிப்பு இல்லை. அவள் புருஷன் மாயவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கேட்காமல் சாப்பிட்டான். கேட்கிற நிலையில் அவனும் இல்லை. சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன் அவன். லாரி வராததால் பத்து நாளாக ஆலையில் மூட்டை நகரவில்லை. எங்கேயோ கடலில் சண்டை, கப்பல்கள் வழியில் நிற்கின்றன, டீசல் வந்து சேரவில்லை என்று தன் போனில் பார்த்துச் சொன்னான். ரேஷனில் அரிசி போட்டார்கள். பாமாயிலும் துவரம்பருப்பும் இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் சேர்த்துத் தருவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ரங்கம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. பத்துப் பெண்களைக் காட்டு வேலைக்குக் கூட்டிப் போகிறவள் அவள்தான். யார் எத்தனை வரி களை வெட்டினார்கள், யார் பாதியில் நிமிர்ந்து நின்றார்கள் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். அதே கண்ணோடு அந்த வாரம் முழுக்கக் கடையைப் பார்த்தாள். பிஸ்கட் பாக்கெட்டுகள் அலமாரியின் முன்வரிசையில் நெருக்கமாக நின்றன. பின்னால் ஒன்றும் இல்லை, பலகைதான் தெரிந்தது. சோப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் படுக்க வைத்து இடத்தை நிரப்பியிருந்தான். கால் கிலோ புளி அறுபது ரூபாய் ஆகியிருந்தது. தீப்பெட்டி கேட்டால் ஒன்றுதான் தந்தான். சர்க்கரை மூட்டை இருந்த மூலையில் மூட்டை இல்லை, மூட்டை இருந்த வட்டமான தடம் மட்டும் தரையில் கிடந்தது.

சனிக்கிழமை காட்டில் பேச்சு அதைப் பற்றித்தான் ஓடியது.

"உள்ரூம்ல மூட்ட மூட்டயா அடுக்கி வச்சிருக்கான்," என்றாள் கண்ணகி. கூட்டத்திலேயே வாய் கூர்மையானவள் அவள். "கதவு இடுக்குல நானே பாத்தன். விலை இன்னும் ஏறட்டும்னு பாத்துகினு இருக்கான். எல்லாருமா போயி நிப்போம். கதவத் தெறடான்னு சொல்லுவோம்."

நாலைந்து பேர் களைக்கொத்தை நிறுத்திவிட்டு ரங்கம்மாளைப் பார்த்தார்கள்.

"மொதல்ல நான் போயி கேக்கறன்," என்றாள் ரங்கம்மாள். "தெறக்கலன்னா நாளைக்கு எல்லாரும் போலாம்."

அன்று சாயங்காலம் கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"தம்பி, உள்ரூம்ல இன்னா வச்சிருக்க?"

அன்புச்செல்வன் முகம் கறுத்தது. "யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது. அதான் உங்கிட்டயே கேட்டுடலாம்னு வந்தன்."

கொஞ்ச நேரம் அவன் கல்லாப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து சாவியை எடுத்து, உள்ளறைக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டான். "வந்து பாருக்கா. நல்லா பாரு."

மூட்டைகள் இருந்தன. எட்டோ ஒன்பதோ. ரங்கம்மாள் ஒன்றின் வாயைப் பிரித்துக் கையை விட்டாள். மாட்டுத்தவிடு. அடுத்ததிலும் தவிடுதான். சுவரோரம் காலி எண்ணெய் டின்கள் கவிழ்த்து வைத்திருந்தன. அவ்வளவுதான் அறை.

"பதுக்கறதுக்கு எங்கிட்ட சரக்கு வேணுமில்ல," என்றான் அவன். குரலில் இருந்த கோபம் இறங்கிவிட்டிருந்தது. "முன்னல்லாம் கள்ளக்குறிச்சிக்கு போன் போட்டா லோடு வண்டியில ஏத்தி வுட்டுடுவாங்க. இப்ப வண்டிக்காரன் ரெண்டு மடங்கு கேக்கறான். டீசல் கெடச்சாத்தான் அதுவும். மொத்தக் கடையில நேர்ல வந்து நிக்கறவங்களுக்குத்தான் சரக்கு. ஆளுக்கு ஒரு டின் எண்ணெய், அஞ்சு கிலோ பருப்பு. அதுக்கு மேல கெடையாது. பைக்குல போயி ஒரு டின்னக் கட்டிகினு வந்தா பெட்ரோல் காசு எண்ணெய் விலையில ஏறிக்குது. அந்த ஒரு டின்ன லூஸுல ஊத்துனா ரெண்டு நாளு வராது. அதான் டின்னுக்குப் பதிலா பாக்கெட்டாவே வாங்கியாறன். நான் இன்னா பண்ணட்டும்?"

ரங்கம்மாள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆளுக்குன்னா? கடைக்காரங்களுக்கு மட்டுமா?"

"யாரு வந்து நின்னாலும். பலகையிலயே எழுதித் தொங்க வுட்டிருக்காங்க."

"பொம்பளைங்க போயி நின்னா?"

அன்புச்செல்வன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"டவுன் பஸ்ஸுல எங்களுக்கு டிக்கெட்டு இல்ல தம்பி," என்றாள் ரங்கம்மாள். "பதினோரு பேரு போயி நின்னா பதினோரு டின்னு. நீ காசு எடுத்துகினு வா, நாங்க ஆள் எடுத்துகினு வர்றோம். மடியில வச்சி கொண்டாந்து சேத்துடறோம். வண்டி வாடகை கெடையாது."

"கூலி?"

"கூலி வேணாம். மூணு விஷயம் செய். பழையபடி லூஸுல ஊத்து. பத்து ரூபாய்க்கு யாரு வந்து கேட்டாலும் இல்லன்னு சொல்லாத. விலைய வெளியில பலகையில எழுதி வை. வாங்கின விலையும் எழுது, விக்கிற விலையும் எழுது."

"வாங்கின விலைய எவன்க்கா எழுதுவான்?"

"உனுக்கு லாபம் வேணாம்னு சொல்லல. எவ்ளோன்னு எங்களுக்குத் தெரியணும். அவ்ளோதான். தெரிஞ்சா கதவு இடுக்குல எட்டிப் பாக்க மாட்டாங்க."

அவன் உள்ளறை விளக்கை அணைத்தான். "திங்கக்கெழம போலாம்," என்றான்.

பதினோரு பேரும் வரவில்லை. ஒரு நாள் கூலியை விட வேண்டும் என்றதும் நாலு பேர் தயங்கினார்கள். அதில் ஒருத்தி வீட்டில் புருஷனுக்குக் காய்ச்சல். இன்னொருத்திக்கு அந்தக் கூலியை நம்பித்தான் அன்றைய உலை. ரங்கம்மாள் யாரையும் வற்புறுத்தவில்லை. கண்ணகிக்குத்தான் பொறுக்கவில்லை.

"வராதவங்களுக்கும் எண்ணெய் உண்டா?"

"உண்டு."

"அதெப்படி?"

"கடையில ஊத்தினா எல்லாருக்கும்தான் கண்ணகி. நாம போறது எண்ணெய் வாங்கறதுக்கு. ஆள் பிரிக்கறதுக்கு இல்ல."

காட்டுக்காரர் ராமசாமியிடம், ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், மறுநாள் விடிகாலையிலேயே இறங்கி முடித்துத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் முணுமுணுத்தாலும், தன் வீட்டிலும் எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்ததால் ஒத்துக்கொண்டார்.

மாயவனை அவள் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை பஸ் நிற்கும் இடத்துக்கு அவனே வந்து நின்றான். கையில் நாலைந்து பழைய துண்டும் ஒரு சுருள் கயிறும் இருந்தன.

"டின்னோட கைப்புடி வெரல அறுத்துடும்," என்றான். "தூக்கத் தெரியணும். நான் கட்டித் தர்றன்."

பஸ்ஸில் ஏழு பெண்களுக்கும் காசில்லாத சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டு, மாயவனிடமும் அன்புச்செல்வனிடமும் நடத்துநர் காசு வாங்கினார். கண்ணகி அதைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னசேலம் தாண்டியதும் இடப்பக்கம் கல்வராயன் மலை நீளமாகக் கிடந்தது. மாசி மாத வெயில் ஏழரை மணிக்கே ஏறத் தொடங்கியிருந்தது. சாலையில் எப்போதும் முந்திக்கொண்டு போகும் லாரிகள் இல்லை. பெட்ரோல் பங்குகளின் வாசலில் மட்டும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன.

கள்ளக்குறிச்சியில் மொத்தக் கடை திறப்பதற்கு முன்பே தெருமுனை வரைக்கும் ஆள் நின்றது. ரங்கம்மாளின் கூட்டம் ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். கடைசியாக நின்றது ரங்கம்மாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. மடித்த சாக்கு ஒன்றைத் தலையில் வெயிலுக்காகப் போட்டிருந்தாள்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டாள் ரங்கம்மாள்.

"மலமேல. வெள்ளிமலைக்கும் அந்தாண்ட." பெயர் பூமாலை என்றாள். அவளுடைய குக்கிராமத்தில் வீட்டு முன்னறையில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் இறங்கியிருக்கிறாள். "இது மூணாவது தடவ. ரெண்டு தடவயும் எனக்கு முன்னாடியே தீந்து போச்சி. ஒன்றரை மணி பஸ்ஸ வுட்டா சாயங்காலம் வரைக்கும் ஏற முடியாது. இப்ப ஓடறது அந்த ரெண்டு நடைதான்."

"ஒரு டின்னுக்காகவா இவ்ளோ தூரம்?"

"முப்பது வூடு இருக்குதுக்கா எங்க ஊர்ல. எண்ணெய் இல்லாம எட்டு நாளாச்சி."

வரிசை மெல்ல நகர்ந்தது. பதினொன்றரை மணிக்கு அன்புச்செல்வன் முன்னால் போய் நின்றான். கல்லாவில் இருந்த கணக்குப்பிள்ளை அவனைத் தெரிந்தவர். அவனுக்கு ஒரு டின் எழுதினார். அடுத்து நின்ற மாயவனுக்கு எழுதினார். அதற்கடுத்துக் கண்ணகி வந்து, எந்தக் கடை என்று கேட்டதற்கு, யோசிக்காமல் அன்புச்செல்வனைக் கை காட்டினாள். கணக்குப்பிள்ளை பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பின்னாடி நிக்கறவங்கள்லாம் யாரு? எல்லாம் ஒரே கடைக்குத்தானா? அப்படில்லாம் தர முடியாது. கடைக்கு ஒண்ணு. நகரு, நகரு."

கண்ணகி திரும்பி ரங்கம்மாளைப் பார்த்தாள். அன்புச்செல்வன் ஒரு டின்னைப் பிடித்தபடி ஓரமாக நகரவே பார்த்தான். ரங்கம்மாள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, உங்க பலகையில ஆளுக்கு ஒண்ணுன்னுதான் எழுதியிருக்குது."

"எழுதியிருந்தா? நீங்க இப்படிக் கூட்டமா வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"நாங்க கூலிக்கு வரலைங்க. ஆளுக்கு ஒரு குடும்பம். இன்னிக்கு வேலைய வுட்டுட்டு வந்திருக்கறோம். எழுதினபடி குடுங்க."

"முடியாதும்மா. வழிய வுடு."

ரங்கம்மாள் வழியை விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. கல்லாவுக்கு எதிரே அப்படியே நின்றாள். ஆறு பெண்களும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். வரிசையில் சலசலப்பு எழுந்தது. அந்தம்மா சொல்றது சரிதானே என்றது ஒரு குரல். எங்க நேரத்தை ஏன் கெடுக்கறீங்க என்றது இன்னொரு குரல். அப்போது பூமாலை அவள் தோளைத் தொட்டாள்.

"யக்கா, எனக்கு பஸ்ஸு போயிடும்க்கா."

அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. ரங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். பூமாலைக்குப் பின்னால் இன்னும் பதினைந்து இருபது பேர் வெயிலில் நின்றார்கள்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கடை முதலாளி வந்தார். வயதானவர், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. விஷயத்தைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஏம்மா, பலகையில எழுதினது நான்தான். ஒத்துக்கறன்," என்றார். "உள்ள எண்ணி வச்ச டின்னு இருபதுதான் இருக்குது. ஒம்பத உங்க ஒரே ஊருக்கு நான் ஏத்தி வுட்டா, பின்னாடி நிக்கறவங்களுக்கு நீ பதில் சொல்றியா?"

அது நியாயமான கேள்வி என்று ரங்கம்மாளுக்குப் பட்டது. படக்கூடாது என்று நினைத்தாலும் பட்டது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒன்பது டின் என்று மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். அந்த அடுக்கை இப்போது அவளே கலைக்க வேண்டியிருந்தது.

"எங்க ஊர்ல அன்னாடம் லூஸுல வாங்கறது அம்பது வூடுங்க," என்றாள். "ஒரு டின்ன ஊத்தினா ரெண்டு நாளு வராது. அஞ்சு டின் குடுத்தா இந்த வாரத்த ஓட்டிடுவோம். மீதி நாலு பின்னாடி நிக்கறவங்களுக்குப் போவட்டும். ஆனா அஞ்சுக்குக் கீழ நான் எறங்க மாட்டன். பருப்பு எழுதினபடி ஒம்பது பேருக்கும் வேணும். அடுத்த திங்கக்கெழமயும் வருவோம். அன்னிக்கு இன்னா கணக்குன்னு இப்பவே சொல்லிடுங்க, அதுக்குத் தகுந்த ஆளா வர்றோம்."

முதலாளி பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஊருக்கு அஞ்சு," என்றார் கணக்குப்பிள்ளையிடம். "எந்த ஊரா இருந்தாலும், அம்பது வூட்டுக்கு அஞ்சு. பலகைய மாத்தி எழுது." பிறகு ரங்கம்மாளிடம், "போதுமா?" என்றார்.

"இவளுது முப்பது வூடு," என்று பூமாலையைக் கல்லாப் பக்கம் தள்ளி நிறுத்தினாள் ரங்கம்மாள். "மூணு குடுங்க. இவள மொதல்ல அனுப்புங்க, பஸ்ஸு போயிடும்."

தெருவுக்கு வந்ததும் அன்புச்செல்வன் புலம்பினான். "நாலு டின்ன வுட்டுட்டியேக்கா."

"ஒரு டின்னோட ஓரமா ஒதுங்கினது யாரு தம்பி?" என்றாள் கண்ணகி.

மூன்று டின்னை ஒற்றை ஆளாகப் பூமாலையால் தூக்க முடியாது. மாயவன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் ஒன்றும் கையில் ஒன்றுமாக எடுத்துக்கொண்டான். மூன்றாவதை அவள் எடுத்துக்கொண்டாள். பஸ் நிலையத்துக்கு நடக்கும் வழியில்தான் புளிப் பேச்சு வந்தது. தன் வீட்டில் ஆறு மூட்டை புளி கிடக்கிறது, ஊரில் எல்லார் வீட்டிலும் கிடக்கிறது என்றாள் பூமாலை. லாரி இல்லை என்று வியாபாரிகள் மலை ஏறவில்லை. ஒரே ஒருவன் வந்து, போன வருஷ விலையில் பாதிக்குக் கேட்டிருக்கிறான்.

"எங்க கடையில கால் கிலோ அறுவது ரூவா," என்றாள் ரங்கம்மாள்.

பூமாலை நடப்பதை நிறுத்திவிட்டாள். "கால் கிலோவா?"

"கால் கிலோ."

இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று கணக்குப் போட்டார்கள். ஒரே மலை, ஒரே சாலை. மேலே விலை கேட்பாரில்லாமல் கிடக்கும் சாமான் கீழே ஆனை விலை விற்கிறது. நடுவில் இல்லாமல் போனது ஒரு லாரி மட்டும்தான்.

"தலைக்கு ஒரு மூட்ட எறக்க முடியுமா உங்க ஊருப் பொம்பளைங்களால?" என்று கேட்டாள் ரங்கம்மாள்.

"டின்னு ஏத்தறவங்களுக்கு மூட்ட எறக்கத் தெரியாதா," என்றாள் பூமாலை. அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தாள் ரங்கம்மாள். பஸ் கிளம்பும் முன் ஒருத்தி நம்பரை ஒருத்தி போனில் ஏற்றிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நடத்துநர் டின்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் லக்கேஜ், காசு போடணும் என்றார். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ரங்கம்மாளுக்குத் தெரியாது. "சீட்டுல வைக்கல, நடையில வைக்கல, எங்க மடியிலதான் வச்சிருக்கறோம்," என்றாள். அவர் மடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பருப்பு மூட்டைக்கு மட்டும் அன்புச்செல்வனிடம் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதினைந்து கிலோ டின் மடியில் இருந்தால் கால் எப்படி மரத்துப் போகும் என்று அன்றைக்கு ஐந்து பேர் தெரிந்துகொண்டார்கள். பாதி வழியில் மற்றவர்களிடம் மாற்றிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே அன்புச்செல்வன் பலகை வைத்தான். வாங்கின விலையைச் சின்னதாகவும் விற்கிற விலையைப் பெரியதாகவும் எழுதினான். அளவு போகட்டும், எண் தெரிந்தால் போதும் ரங்கம்மாளுக்கு. தெருவே பாட்டிலோடு வந்து நின்றது. காய்ச்சல்காரன் வீட்டுப் பெண்ணும் வந்தாள், தலையைக் குனிந்துகொண்டு. அவளுக்கும் ஊற்றினான்.

புதன்கிழமை நைனார்பாளையத்து டீக்கடைக்காரர் ஒருவர் பைக்கில் வந்து முழு டின்னாக இரண்டு கேட்டார். பலகையில் இருப்பதற்கு மேல் டின்னுக்கு முந்நூறு தருகிறேன் என்றார். ரங்கம்மாள் அப்போது பருப்பு வாங்கிக்கொண்டு நின்றாள். அன்புச்செல்வன் அவள் பக்கம் பார்த்தான்.

"என்ன எதுக்குப் பாக்கற தம்பி? சரக்கு உன்னுது," என்றாள். "அடுத்த திங்கக்கெழம நீ தனியா போயி வரிசையில நின்னுக்க."

டீக்கடைக்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

இரண்டாவது திங்கட்கிழமை பதினோரு பெண்களும் வந்தார்கள். மொத்தக் கடையில் பலகை மாறியிருந்தது, எண்ணெய் வீட்டுக் கணக்கில், பருப்பு ஆளுக்கு. பூமாலை ஒரு சிறு மூட்டை புளியை மாதிரிக்குக் கொண்டுவந்திருந்தாள். அன்புச்செல்வன் ஒரு சுளையைப் பிய்த்து நாக்கில் வைத்துப் பார்த்து, வியாபாரி கேட்டதைப் போல ஒன்றரை மடங்கு தருவதாகச் சொன்னான். ரங்கம்மாள் பேசி அதை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டாள். அப்படிக் கொடுத்தும் கடையில் கால் கிலோவை முப்பத்தைந்துக்கு விற்க முடியும் என்று அவனே ஒத்துக்கொண்டான். அடுத்த வாரம் ஐந்து மூட்டை இறக்குவது என்று பேச்சு முடிந்தது.

மூன்றாவது திங்கட்கிழமை பஸ் வரவில்லை.

ஏழு மணி ஆனது, ஏழேகால் ஆனது. பால்காரர்தான் சொன்னார், டிப்போவில் டீசல் பற்றவில்லை, உள்ரோட்டுக்குக் காலை நடையை நிறுத்திவிட்டார்கள் என்று. மெயின் ரோட்டில் மட்டும் பஸ் ஓடுகிறதாம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் வெயில் ஏறவில்லை, இப்போது போனால்கூட ராமசாமி காட்டில் முழுக் கூலி கிடைத்துவிடும் என்றாள் ஒருத்தி. சொன்னது தப்பில்லை. எல்லார் மனதிலும் அதுதான் இருந்தது.

அப்போது ரங்கம்மாளின் போன் அடித்தது.

"யக்கா, எறங்கிட்டோம்," என்றாள் பூமாலை. இரைச்சலுக்கு நடுவே குரல் உடைந்து உடைந்து வந்தது. "அஞ்சு பேரு, அஞ்சு மூட்ட. கச்சிராயபாளையம் தாண்டி வந்துகினு இருக்கறோம். நீங்க எங்க இருக்கறீங்க?"

"கெளம்பிட்டோம்," என்றாள் ரங்கம்மாள்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் யாரையும் கேட்கவில்லை. நைனார்பாளையம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். நாலு கிலோமீட்டர். மாயவன் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான். அன்புச்செல்வன் தன் பைக்கில் முன்னால் போய் நைனார்பாளையத்தில் பஸ்ஸை நிறுத்தி வைப்பதாகச் சொன்னான். பஸ்ஸை நிறுத்த நீ யார் என்று கண்ணகி கேட்டாள். ஆனாலும் அவன் போனான். ஆலமரத்து வளைவு வரும்போது ரங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவளோடு சேர்த்து எட்டுப் பெண்கள். மூன்று பேர் காட்டுப் பக்கம் போய்விட்டார்கள். போகட்டும், எட்டு போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

நைனார்பாளையம் முனையில் உண்மையிலேயே ஒரு பஸ் நின்றது. முன் சக்கரத்துக்கு எதிரே தன் பைக்கை நிறுத்திவிட்டு, அது கிளம்ப மறுக்கிறது என்று ஓட்டுநரிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தான் அன்புச்செல்வன். எட்டுப் பெண்களும் ஏறியதும் பைக்கை உருட்டி ஒரு கடையோரம் நிறுத்திவிட்டு ஓடி வந்து தொற்றிக்கொண்டான்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஒன்பதரை மணிக்கு இறங்கினார்கள். மலைப் பஸ் நிற்கும் பக்கம் ஐந்து மூட்டைகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தரகன் ஒருவன் அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து விலை ஏற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். பூமாலை அவனுக்குப் பதில் சொல்லவில்லை. சின்னசேலம் பஸ் வந்து நிற்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள் ரங்கம்மாளைக் கண்டதும் எழுந்தாள்.

"நேரமாயிடுச்சி," என்றாள் ரங்கம்மாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. "மூட்டய இங்கயே வுட்டு ஒரு ஆளக் காவல் வை. எண்ணெய் வரிசை நீளமாறதுக்குள்ள நாம போயி நின்னுடலாம்."